ஒக்ஸ்போர்ட் 'இன்கிளிங்ஸ்' குழுவும் அதிகற்பனைப் புனைகதையும்

இலக்கிய ஆக்கம் தனிமனித ஆற்றலின் விளைவென்றே பெரிதும் கருதப்படுகின்றது. 1930களிலும் 1940களிலும் ஒக்ஸ்போர்டில் கூடிய 'இன்கிளிங்ஸ்' குழுவின் வரலாறு இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுவதாகும். சீ. எஸ். லூயிசின் கல்லூரி அறையில், வியாழன் இரவுகளில், அச்சேறாத கையெழுத்துப்படிகள் உரத்து வாசிக்கப்பட்டன. கேட்டோர் தாட்சணியமின்றிக் குறை கூறினர்.

லூயிசும் ஜே. ஆர். ஆர். ரொல்கீனும் தாம் விரும்பும் வகைக் கதைகளைப் பிறர் எழுதாமையால் தாமே எழுதுவதென உடன்பட்டனர். ஒருவருக்கு விண்வெளிப் பயணம், மற்றவருக்குக் காலப் பயணம். லூயிசின் நாவலைப் பதிப்பகத்து வாசகர் ஒருவர் குறை கூறியபோது, ரொல்கீன் பதிப்பாளர் ஸ்ரான்லி அன்வினுக்கு அதனை ஆதரித்து எழுதினார். 1938இல் அது வெளிவந்தது. ரொல்கீனின் காலப் பயணக் கதையோ முற்றுப்பெறவேயில்லை.

1937 டிசம்பரில் அவர் தொடங்கிய 'மோதிரங்களின் தலைவன்' 1954-55இலேயே அச்சேறியது. குழுவினர் யாவரும் அதனை விரும்பினர் என்பதற்கில்லை. ஹியூகோ டைசனின் வெறுப்பினால், அவர் வந்த இரவுகளில் அதன் வாசிப்பு கைவிடப்பட்டது. லூயிசின் இடையறாத தூண்டுதலின்றித் தாம் அதனை முடித்திருக்க இயலாதென ரொல்கீனே பின்னர் ஒப்புக்கொண்டார். திருத்தங்களைவிட, அடுத்த அத்தியாயத்துக்குக் காத்திருக்கும் ஒரு செவியே அவருக்கு வேண்டியிருந்தது எனலாம்.

ஆயினும் இவ்வாதரவு இருபுறமும் ஒத்ததன்று. 1949இல் லூயிஸ் வாசித்துக் காட்டிய நார்னியாக் கதை ரொல்கீனுக்கு அறவே பிடிக்கவில்லை. வேறொரு நண்பரின் ஊக்கத்தால் அவர் அதனைத் தொடர்ந்தெழுதி, 1950இல் வெளியிட்டார்.