ஓட்டை போட்ட அட்டை

பூப்போட்ட பட்டு நெய்ய எத்தனை பேர் வேண்டும்? ஒருத்தர் போதும் என்றுதானே நினைக்கிறீர்கள்? பதினெட்டாம் நூற்றாண்டில், பிரான்ஸின் லியோன் நகரத்தில், குறைந்தது இரண்டு பேர். நெசவாளி தறியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு பையன். ஒவ்வொரு முறை நாடா ஓடுவதற்கு முன்னாலும், எந்தெந்தப் பாவு நூல் மேலே எழும்ப வேண்டுமோ அதற்கான கயிறுகளைக் கொத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். நாளெல்லாம் இதே வேலை. கயிறு மாறினால் பூவின் இதழ் கோணிக்கொள்ளும். கூடவே வசவு.

ஜோசப் மரி ஜக்கார்ட் அந்த ஊர் நெசவாளி வீட்டுப் பிள்ளை. பிறந்தது 1752-ல். சின்ன வயசில் அவரும் கயிறு இழுத்தவர்தான் என்பார்கள். அப்பா விட்டுப்போன சொத்தைக் கோட்டைவிட்டார். புரட்சிக்காலச் சண்டையில் மகனைப் பறிகொடுத்தார். ஐம்பதை ஒட்டித்தான் மனிதர் சரித்திரத்துக்குள்ளேயே வருகிறார்.

1804-ல் இயந்திரம் தயார். தறிக்கு மேலே உட்காரும் ஒரு பெட்டி. உள்ளே கொக்கிகளும் ஊசிகளும். கயிற்றில் கோத்த அட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். அட்டையில் ஓட்டை இருந்தால் ஊசி அதற்குள் நுழையும், கொக்கி அப்படியே நிற்கும், நூல் எழும்பும். ஓட்டை இல்லையா? அட்டை ஊசியைத் தள்ளும், கொக்கி விலகும், நூல் கீழேயே கிடக்கும். அவ்வளவுதான் விஷயம். பையன் அவுட்.

இதில் அவருடைய சொந்தச் சரக்கு எவ்வளவு என்று கேட்டால் கொஞ்சம் சங்கடம். ஓட்டை போட்ட காகிதச் சுருளை 1725-லேயே பூஷோன் பயன்படுத்திவிட்டார். அட்டை, ஃபால்கோனுடையது. 1745-ல் வோகான்சோன் செய்த தானியங்கித் தறி பாரிஸில் சீந்துவாரில்லாமல் கிடந்தது. ஜக்கார்ட் அதை ஆராய்ந்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, உண்மையிலேயே ஓடவைத்தார். லேசான காரியமா அது?

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்கு அடுத்த காட்சிதான் சுவாரசியம். 1806-ல் அந்தத் தறி பொதுச்சொத்து என்று அறிவிக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஜக்கார்டுக்குப் பென்ஷன், தறிக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. 1812-க்குள் பிரான்ஸில் 11,000 தறிகள்!

நெசவாளிகள் கொண்டாடினார்களா? ம்ஹூம். இயந்திரங்களைக் கொளுத்தினார்கள். ஜக்கார்டுக்கே அடி விழுந்தது. பிழைப்பு போய்விடும் என்கிற பயம். ஆனால் 1831-ல் லியோனில் வெடித்த பெரிய கலவரத்துக்குக் காரணம் தறி அல்ல, கூலி. தறி நெசவாளியுடையது. பட்டு நூலும் ஆர்டரும் வியாபாரியுடையது. குறைந்தபட்சக் கூலிக்கு ஒப்புக்கொண்ட விகிதத்தை வியாபாரிகள் பலர் மதிக்கவில்லை. பொதுச்சொத்தானது இயந்திரம் மட்டும்தான் சார், லாபம் இல்லை.

அட்டையின் மிச்சக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஏறத்தாழ 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தன் கணக்கு இயந்திரத்துக்கும் அதே அட்டையைத்தான் திட்டமிட்டார். அங்கிருந்து கம்ப்யூட்டர்.

அந்தக் கம்ப்யூட்டர் 1983-ல் தறிக்கே திரும்பி வந்தது. பிரிட்டனின் போனஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டைக் காட்டியது. அட்டைக்கு வேலை போச்சு. ஆனால் அது ஆலைகளுக்கான சமாசாரம். ஒரே ஒரு முழம் மாதிரித் துணி நெய்து பார்க்க ஆசைப்படுகிறவர் என்ன செய்வார்? 2021-ல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், குறைந்த செலவில் ஒரு ஜக்கார்ட் கைத்தறியைக் கட்டி, கட்டிய விதத்தையும் கட்டுரையாக வெளியிட்டார்கள். 2023-ல் அங்கிருந்தே ஸ்பீர்லூம் என்கிற ஓப்பன் சோர்ஸ் தறி வந்தது. வாங்க வேண்டாம், நீங்களே கட்டிக்கொள்ளலாம். பையனும் இல்லை, அட்டையும் இல்லை.

பாவு நூலை மட்டும் இன்னமும் ஒவ்வொன்றாகக் கையால்தான் கோக்க வேண்டியிருக்கிறது.