தெருப் புகைப்படக்காரர் திருவண்ணாமலைக்கு வந்த கதை

1932, பாரிஸ். ஒரு ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கி நிற்கும் மழைநீரை ஒருவர் தாண்டிக் குதிக்கிறார். குதிகால் தண்ணீரைத் தொடுவதற்குச் சற்று முன்னால் படம் பிடிக்கப்பட்டிருக்கிறது. எடுத்தவர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். தெருப் புகைப்படம் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வரும் படம் இது. ஆனால் குதிப்பவரின் முகம் அதில் தெரியாது. அது படத்துக்குத் தேவைப்படவும் இல்லை. குதிக்கும் உருவமும் தண்ணீரில் அதன் பிம்பமும் போதும்!

பிரெஸ்ஸோன் முதலில் ஓவியம் படித்தவர். கையடக்கமான லைக்கா கேமராவோடு தெருத்தெருவாக அலைந்து, கோடுகளும் உருவங்களும் சரியாக வந்து சேரும் நொடிக்காகக் காத்திருந்தவர். பிறகு இரண்டாம் உலகப் போர் வந்தது. 1940-ல் ஜெர்மானியரிடம் கைதியானார். இரண்டு முறை தப்பிக்க முயன்று தோற்று, மூன்றாவது முறை, 1943-ல் தப்பினார்.

1947-ல் ராபர்ட் காபா முதலிய நண்பர்களோடு சேர்ந்து மேக்னம் என்ற அமைப்பைத் தொடங்கினார். (வணிகவியல் மாணவர்கள் கவனிக்க: இது ஒரு கூட்டுறவு. படத்தின் உரிமை பத்திரிகைக்குப் போகாது, எடுத்தவரிடமே இருக்கும்.) கலைப்படக்காரர் என்ற பட்டத்தோடு நின்றுவிடாதே, செய்திப்பட வேலைக்கு வா என்று காபா அவருக்கு அறிவுரை சொன்னாராம். பிரெஸ்ஸோனின் பங்குக்கு வந்தது ஆசியா.

ஜாவாவைச் சேர்ந்த நடனக் கலைஞரான மனைவி ரத்னா மோகினியுடன் அந்த ஆண்டே இந்தியா வந்தார். பிரிவினை அகதிகளைப் படமெடுத்தார். 1948 ஜனவரி 30 அன்று பிர்லா மாளிகையில் காந்தியைச் சந்தித்துத் தன் படங்களைக் காட்டினார். சவ வண்டி ஒன்று இருந்த படத்தில் காந்தி நின்று, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாராம். அன்று மாலையே காந்தி சுடப்பட்டார். அன்றிரவு வாயிலில் நின்று நேரு செய்தியை அறிவித்ததையும் பிரெஸ்ஸோன் எடுத்தார். அந்தப் படம் இருட்டாக, கலங்கலாக இருக்கும். பாரிஸ் படத்தின் கச்சிதம் அதில் இல்லை. ஆனால் இங்கே முகம்தான் எல்லாமே.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1950 ஏப்ரலில், திருவண்ணாமலையில் ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். 14-ஆம் தேதி இரவு வானத்தில் ஓர் ஒளி ஓடியதைத் தாமும் கண்டதாகவும், கடிகாரம் 8.47 காட்டியதாகவும் சொன்னார். ரமணர் உயிர் பிரிந்த நேரம் அது.

அதே ஆண்டில் மதுரையில் எடுத்த படம் ஒன்று உண்டு. எலும்பும் தோலுமான ஒரு குழந்தை, அதைத் தாங்கும் கை, அருகே ஒரு வண்டிச் சக்கரம். மெலிந்த உடலையும் சக்கரத்தின் ஆரக்கால்களையும் சேர்த்துப் பார்த்தது பழைய பாரிஸ் கண்தான், சந்தேகமில்லை. ஆனால் இந்தப் படத்தில் வடிவத்தை ரசித்துவிட்டு நகர முடியாது. இந்தக் குழந்தை பிழைத்ததா என்ற கேள்வி வந்துவிடுகிறது. படத்தின் தலைப்பில் இருப்பது ஊர்ப் பெயரும் ஆண்டும் மட்டுமே.