முள் தைக்காத கால்

சகுந்தலையின் காலில் முள் தைக்கவே இல்லை. ரவிவர்மாவின் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். தோழியைப் பிடித்தபடி, முள் எடுப்பதுபோல ஒரு காலைத் தூக்கி நின்று, துஷ்யந்தனைத் திரும்பிப் பார்க்கிறாள். துஷ்யந்தன் படத்துக்குள் இல்லை. முகத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் அது ஏக்கமா, யோசனையா என்று சொல்வது கஷ்டம். கழுத்தின் திருப்பமும் தூக்கிய காலும்தான் விஷயத்தைச் சொல்கின்றன.

லட்சுமி படத்தில் கதை வேறு. தாமரைமேல் நின்று நேரே நம்மைப் பார்க்கிறாள். அருள்பாலிக்கிறவளுக்குச் சாந்தம் போதும். புராண நாயகிகள் நம்மைப் பார்ப்பதில்லை. அவர்களுக்குக் காத்திருக்க ஒருவன் வேண்டியிருக்கிறது.

1894இல் ரவிவர்மா மும்பையில் அச்சகம் தொடங்கினார். இயந்திரங்களும் தொழில்நுட்பர்களும் ஜெர்மனியிலிருந்து வந்தார்கள். ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல். சாஃப்ட்வேர்க்காரனான எனக்கு இது லேயர் லேயராகத்தான் புரிகிறது. சிவப்புக் கல் மயிரிழை விலகினாலும் உதடு இடம் மாறும், புன்னகை வேறாகிவிடும். உடல் நிற்கும் விதம் அப்படிச் சுலபத்தில் கெடாது.

இந்தப் படங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் வந்தன. திருமயம் பக்கத்து கடியாபட்டி, ராயவரம் போன்ற ஊர்கள் செட்டிநாட்டைச் சேர்ந்தவை. ரவிவர்மா அச்சுகள் செட்டிநாட்டு வீடுகளின் பெருமைகளில் ஒன்று. சிலவற்றில் புடவைக்கும் நகைக்கும் மேலே துணி, ஜரிகை, சமிக்கி வைத்து அலங்கரித்திருப்பார்கள். முகத்தையும் கைகளையும் மட்டும் அச்சிட்டபடியே விட்டுவிடுவார்கள்.

அந்த வீடுகளின் ஆண்கள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டிக்கடை நடத்தினார்கள். ஒரு கணக்கு முடிய மூன்று வருஷம் ஆகும். பெரும்பாலும் மனைவிமார் ஊரிலேயே இருந்தார்கள். படத்துக்கு வெளியே இருக்கும் ஒருவனைத் திரும்பிப் பார்க்கிறவளை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? சகுந்தலையை மறந்தது துஷ்யந்தன்தான் என்ற கதையும் அவர்களுக்குத் தெரியும்.

அதே காலத்து ஸ்டூடியோ புகைப்படங்களில் நம்ம ஆச்சிமார் விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை. கேமரா முன்னால் அப்படித்தான் இருக்கணும் என்பது வழக்கம். ஏங்கி நிற்க சகுந்தலைக்கு அனுமதி இருந்தது, அவளைத் தினமும் கடந்துபோன ஆச்சிக்கு இல்லை. அவள் மனசு தெரிய வேண்டுமானால், நான் முகத்தை விட்டுவிட்டு, மடியில் இறுக்கிக் கோர்த்த கைகளைப் பார்ப்பேன்.