மருந்துச் சீட்டுக்கு அப்பால்

மருந்தை எழுதிக் கொடுத்ததும் மருத்துவரின் கடமை முடிந்துவிடுகிறதா? அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் வெளிநோயாளிகளைப் பார்த்துவந்த டாக்டர் ரிச்சர்ட் காபட் மனத்தை அரித்த கேள்வி இது. காசநோய் கண்டவரிடம் சத்தான உணவு உண்ணும்படியும் ஓய்வெடுக்கும்படியும் சொல்வது எளிது. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பெரியாத வீட்டில் ஓய்வு ஏது?

இதற்கு முன்னரே, 1895-இல், லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் அம்மையார் நியமிக்கப்பட்டிருந்தார். இலவச சிகிச்சைக்கு உரியவர் யார், வசதியிருந்தும் வருபவர் யார் என்று விசாரிப்பதே அவருக்கு முதலில் இட்ட பணி. காபட்டின் நோக்கமோ வேறு. நோயாளியின் வீட்டையும் பிழைப்பையும் அறிந்தால்தான் நோயை முழுமையாக அறியமுடியும் என்று அவர் கருதினார். 1905-இல் கார்னெட் பெல்டன் என்ற தாதியை இப்பணிக்கு அமர்த்தினார். சில மாதங்களிலேயே பெல்டனையும் காசநோய் பற்றிக்கொண்டது. அவர் விட்ட பணியை 1906-இல் ஏற்ற ஐடா கேனன், 1945 வரை அதைக் கட்டிக்காத்தார்.

தொடக்கத்தில் மருத்துவமனை இதற்குப் பணம் ஒதுக்கவில்லை. வெளியாரின் நன்கொடையில்தான் வேலை நடந்தது. 1919-இல்தான் நிர்வாகம் இதைத் தன் சொந்தத் துறையாக ஏற்றது.

நேயர்களே, இன்று மருத்துவமனையில் சமூகநல அலுவலர் நம் குடும்ப நிலையைக் கேட்டால், வீண் விசாரணை என்று நாம் முகம் சுளிக்க வேண்டாம். அந்தக் கேள்வியும் சிகிச்சையின் ஒரு பகுதியே.