குடியேறிய பின் கட்டட ஆய்வு

கட்டி முடித்து ஆட்கள் புழங்கத் தொடங்கிய கட்டடத்துக்குத் திரும்பப் போய், அது நினைத்தபடி இயங்குகிறதா என்று அளந்து பார்ப்பது குடியேறிய பின் ஆய்வு. மின்சார, எரிவாயுக் கணக்கைப் படிப்பார்கள். பெரிய விசிறியால் காற்றை உள்ளே தள்ளிச் சுவரிடுக்குகளில் எவ்வளவு கசிகிறது என்று அளப்பார்கள். புழங்குவோரிடம் வினாத்தாள் கொடுப்பார்கள். அடுத்த கட்டடத்தின் வரைபடத்தைத் திருத்த இதைவிட நேரான வழி இல்லை. ஆனாலும் அரிதாகவே நடக்கிறது. சாவியைக் கொடுத்த பின் அதற்குக் கூலி தர யாரும் முன்வருவதில்லை. குறை வெளிப்பட்டால் பழி வருமே என்ற தயக்கமும் உண்டு. பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர் கழகம் 1963-இல் வெளியிட்ட பணித்திட்டத்தில் இறுதிக் கட்டமாகப் ‘பின்னூட்டம்’ இருந்தது. 1970-களில் அதை எடுத்துவிட்டார்கள்.

இத்துறையில் தனித்து நிற்பது பிரிட்டனின் ‘ப்ரோப்’ ஆய்வுத் தொடர் (1995–2002). பில் போர்டாஸ், ஏட்ரியன் லீமன் முதலியோர் ஏறத்தாழ 20 கட்டடங்களை ஆராய்ந்து, பெயரை மறைக்காமல் ஒரு தொழில் இதழில் எழுதினர். பல இடங்களில் கண்டது ஒன்றுதான்: பராமரிப்பவருக்கே பிடிபடாத சிக்கலான கட்டுப்பாட்டுக் கருவிகள், யாரும் அணைக்காத விளக்குகள், கணித்ததைவிடக் கூடிய எரிபொருள் செலவு.

இவற்றில் நன்றாகத் தேறியது நாரிச்சில் உள்ள கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஃப்ரை கட்டடம். கான்கிரீட் தளப்பலகைகளின் உள்துளைகள் வழியே காற்றைச் செலுத்தி, தளத்தையே வெப்பச் சேமிப்பாக்கும் சுவீடன் முறை அதில் உண்டு. காற்றுக் கசிவு மிகக் குறைவு என்பதால், அத்தனை பெரிய கட்டடத்துக்கும் வீட்டு அளவிலான சில கொதிகலன்களே போதுமானதாயின. அதுவும் முதல் நாளே சரியாக ஓடவில்லை. எரிவாயுச் செலவைக் கவனித்துக் கட்டுப்பாடுகளைத் திருத்திய பிறகே அச்செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

ஒரே கட்டடத்தை வைத்துப் பொதுமுடிவு சொல்லலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் ஒத்தவற்றைக் கவனமாக ஒப்பிட்டால் ஒரே கட்டடமும் பாடம் தரக்கூடும். சன்னல் காட்சி நோயாளிகளின் தேறுதலைப் பாதிக்கிறதா என்று ரோஜர் உல்ரிச் பார்த்து 1984-இல் வெளியிட்ட ஆய்வும் பென்சில்வேனியாவின் ஒரே மருத்துவமனையைப் பற்றியதுதான். 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை முடிந்து படுத்திருந்த 46 பேரின் கோப்புகளை, வயது, பால் முதலியவை ஒத்த 23 இணைகளாக அவர் பிரித்தார். ஒருவருடைய சன்னலில் மரங்கள் தெரிந்தன. மற்றவருக்குச் செங்கல் சுவர். மரம் பார்த்தவர்கள் சராசரியாக 7.96 நாளில் வீடு திரும்பினர். சுவர் பார்த்தவர்களுக்கு 8.70 நாள் ஆனது. சுவர் பார்த்தவர்கள் எடுத்துக்கொண்ட வலுவான வலிநீக்கிகளும் அதிகம்.