கசிவு ஓட்டை

கிளேபாங்கில் ஒரு சின்னப் பட்டறையில், பழைய பெட்ஃபோர்ட் லோரியின் தண்ணீர் பம்பைக் கழற்றிய இரண்டு நாள்களும் நான் உடனிருந்தேன். தோட்ட வரலாறு எழுதுகிறவன் என்று சொல்லிக்கொண்டு பல வருடங்கள் அலைந்திருக்கிறேன். பால்மரம், லயம், கங்காணி, கள்ளுக்கடை, தொழிற்சங்கம் என்று எல்லாவற்றையும் எழுதியாகிவிட்டது. பாலை ஸ்டோருக்கும், பிரசவ வலி கண்டவளை ஆஸ்பத்திரிக்கும், மாசிமகத்துக்குச் செங் சன்னாசிமலைக்கும் சனங்களை ஏற்றிப்போன லோரியைப் பற்றி ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. அதை ஓடவைத்தவர்களைப் பற்றியும்தான்.

பட்டறைக்காரருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேல். ஜாசின் பக்கத் தோட்டமொன்றில் பால்வெட்டுக்காரரின் மகன். லோரியைக் கொண்டுவந்த பையனின் தாத்தா அதே தோட்டத்தில் டிரைவர். தோட்டம் கைமாறியபோது மலிவு விலைக்கு வாங்கிப்போட்ட வண்டி இது. வீட்டில் எல்லாரும் ஜப்பான் டீசல் இன்ஜின் ஒன்றை மாட்டிவிடச் சொல்கிறார்களாம். பம்பு சரியாகாவிட்டால் அதுதான் வழி.

“ஒழுகுதுண்ணே” என்றான் பையன்.

“எங்க ஒழுகுதுன்னு பாத்தியா?”

பம்பின் அடிவயிற்றில் சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஒரு துளை. உள்ளே சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே வடிய விட்டிருக்கும் வழி. அதில் யாரோ தீக்குச்சியைச் செருகிச் சோப்பு வைத்து அடைத்திருந்தார்கள். பெரியவர் அதைக் குத்தி எடுத்துப் பையனின் உள்ளங்கையில் வைத்தார். “இத அடைச்சவன்தாம்பா பேரிங்கக் கொன்னவன்.”

இன்ஜினுக்குத் தண்ணீர் பம்பு கட்டாயம் என்று நாம் நினைக்கிறோம். 1908 முதல் 1927 வரை வந்த ஃபோர்டின் மாடல் டி காரில், தொடக்கத்துச் சுமார் 2,500 வண்டிகளைத் தவிர, பம்பே கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலேறி ரேடியேட்டருக்குப் போகும், குளிர்ந்தது கீழிறங்கி இன்ஜினுக்குத் திரும்பும். காருக்கு அது போதும். பாரம் ஏற்றிக்கொண்டு, இந்த வெக்கையில், முதல் கியரில் மேடேறும் லோரிக்குத் தண்ணீரைத் தள்ளிவிட ஆள் வேண்டும். அந்த ஆள்தான் பம்பு. பேன் பெல்ட் சுழற்றும் ஒரு தண்டு, அதன் ஒரு முனையில் விசிறி, மறுமுனையில் தண்ணீரை வீசும் இம்பெல்லர், நடுவில் பேரிங்கும் சீலும். அவ்வளவுதான்.

ஃபோர்ட் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஃபோர்ட் மலாயா நிறுவனம் 1941 அக்டோபரில் சிங்கப்பூர் புக்கிட் தீமாவில் புதுத் தொழிற்சாலை திறந்தது. நான்கு மாதம்கூட ஆகவில்லை, 1942 பிப்ரவரி 15 அன்று பெர்சிவல் யாமாஷித்தாவிடம் சரணடைந்தது அந்தக் கட்டடத்தில்தான். அங்கேயே பிறகு ஜப்பானியர்கள் நிசான் பெயரில் ராணுவ வண்டிகளைப் பூட்டினார்கள். பிரிட்டனிலிருந்து சாமான் வந்த கப்பல் நின்றது. வண்டிகள் கரிவாயுவில் ஓடின, ரப்பரையே காய்ச்சி எண்ணெய் எடுத்தார்கள். கழற்றிப்போட்டுப் புதுசு மாட்டலாம் என்ற பேச்சுக்கே அந்த மூன்றரை வருடம் இடமில்லை. பெரியவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த போமன் அந்தக் காலத்தில் கைபழகியவராம்.

அந்தக் காலத்துப் பம்புகளில் கிளாண்டு இருக்கும். தண்டைச் சுற்றிக் கிராஃபைட் கிரீஸ் ஏறிய கயிற்றை அடைத்து நட்டால் இறுக்குவது. காலையில் டிரைவரே கிரீஸ் கப்பை ஒரு சுற்றுத் திருகுவார், சொட்டினால் நட்டை ஒரு கால் சுற்று. “ஜாஸ்தி இறுக்குனா தண்டத் தின்னுரும். எவ்ளோன்னு கைக்குத் தெரியணும்.” கார்பன் சீல் வந்தபோது அந்த நட்டு போய்விட்டது. இறுக்குவதற்கு ஒன்றுமில்லை, கெட்டால் பிரித்தே ஆகவேண்டும். வேலை டிரைவரின் கையிலிருந்து பட்டறைக்கு மாறியது. தோட்டத்துப் பையன் ஒருவன் பால்வாளியை விட்டு ஸ்பேனரைப் பிடிக்க அதுவும் ஒரு வாசல் என்பது என் எண்ணம்.

இந்த லோரியின் இன்ஜின் 300 கன அங்குலம், அதாவது 4.9 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல். பெட்ஃபோர்ட் ஆர்எல் ராணுவ லோரியிலும் இதே இன்ஜின்தான். 1960களில் தெரண்டாக் முகாமில் 28ஆவது காமன்வெல்த் படையணி இருந்தபோது மலாக்கா டவுனுக்கு வரும் கடலோரச் சாலை தஞ்சோங் கிளிங், கிளேபாங் வழிதான். (கடலோரம் என்று இப்போது சொன்னால் கிளேபாங் பிள்ளைகள் சிரிப்பார்கள். கடலை மண்போட்டுத் தள்ளியாகிவிட்டது.) பட்டாளத்து லோரிகள் இந்த வழியாகப் போகும்போது சத்தத்தை வைத்தே “நம்ம இன்ஜின்” என்பார்களாம்.

பம்பைக் கழற்றுவதற்கே அரைநாள் போனது. ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, டைனமோவைத் தளர்த்திப் பெல்ட்டை எடுத்து, விசிறியைக் கழற்றினார். பிளாக்கில் துருவேறிய போல்டுகள் அசையவில்லை. சூடுகாட்டி, எண்ணெய் விட்டு, முன்னும் பின்னுமாக ஆட்டி ஆட்டி எடுத்தார். ஒன்று முறிந்திருந்தால் கதை முடிந்தது. உள்ளே இம்பெல்லர் சொத்தைப் பல்போல் அரித்திருந்தது. ஆற்றுத் தண்ணீரை அப்படியே ஊற்றி ஓட்டிய காலத்து அரிப்பு.

ஜெனரல் மோட்டார்ஸ் 1986இல் பிரிட்டனில் பெட்ஃபோர்ட் லோரித் தொழிலைக் கைவிட்டது. ஆனால் இந்தியாவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் பெட்ஃபோர்ட் கட்டியது, பாகிஸ்தான் சாலைகளில் பூவும் மயிலும் வரைந்த பெட்ஃபோர்ட்கள் பேர்போனவை. அதனால் ரிப்பேர் கிட் இன்னும் கிடைக்கிறது. பையன் தருவித்திருந்த கிட்டில் இம்பெல்லரும் சீலும் சரியாக இருந்தன, தண்டு இளைத்திருந்தது. பெரியவர் லேத்தில் எவர்சில்வர் தண்டு ஒன்றைக் கடைந்தார். பேரிங் சாதாரணக் கடையிலேயே கிடைத்தது.

கூட்டைத் துடைத்தபோது உட்புறத்தில் மூன்று புள்ளிகள் தெரிந்தன, பஞ்ச் வைத்து அடித்தவை. பெரியவர் சற்று நேரம் பேசவில்லை.

“போமன் அடிச்சது. ஒவ்வொரு தடவ பிரிச்சதுக்கும் ஒண்ணு. மூணாவது நான் கூட நின்னப்ப.”

பல தோட்டங்களின் செக்ரோல் பார்த்திருக்கிறேன். பெயர் இருக்கும், நாள் இருக்கும், கூலி இருக்கும். என்ன செய்தார் என்ற இடத்தில் ‘ஜெனரல்’ என்று மட்டும் இருக்கும்.

நாலாவது புள்ளியை அடிக்கச் சொல்லிப் பஞ்சைப் பையனிடம் கொடுத்தார். கோணலாக விழுந்தது.

மறுநாள் சாயந்தரம் தண்ணீர் ஊற்றி இன்ஜினைக் கிளப்பினார்கள். துளைக்கு நேர்கீழே ஒரு அட்டை. பத்து நிமிடத்தில் ஒரு சொட்டு விழுந்தது. பையன் முகம் சுருங்கிவிட்டது.

“புது சீலு, முகம் பழகணும்பா. ஓடட்டும்.”

இரண்டாவது சொட்டு வர வெகுநேரம் ஆனது. மூன்றாவதுக்காகக் குனிந்தபடியே நின்றோம். அட்டை காய ஆரம்பித்திருந்தது.