அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி: இயக்க நம்பகம்

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியின் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் பாயும்; அடுத்த தோட்டாவை ஏற்றும் வேலையைத் துப்பாக்கியே பார்த்துக்கொள்ளும். வெடிப்பின் பின்னுதைப்பில் ஸ்லைடு பின்னோக்கி ஓடும்போது, எக்ஸ்ட்ராக்டர் எனப்படும் கொக்கி காலி உறையைக் குழலின் பின்முனையில் உள்ள அறையிலிருந்து இழுக்கிறது. எஜெக்டர் அதை வெளியே தட்டிவிடுகிறது. பிறகு ஸ்பிரிங் ஸ்லைடை முன்னே தள்ள, மேகசினின் மேலே இருக்கும் தோட்டா அறைக்குள் ஏறுகிறது. இவை அனைத்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். இடையில் ஒரு கட்டம் பிசகினாலும் துப்பாக்கி சிக்கிக்கொள்ளும்.

இந்தச் சிக்கலைக் களைவதில் பெரும் பாய்ச்சல் நிகழ்ந்தது அமெரிக்காவில். பிலிப்பைன்ஸில் மோரோ வீரர்களோடு நடந்த போரில் 0.38 அங்குல ரிவால்வர்கள் வலுவற்றவை என்று தெரியவந்தபின், அமெரிக்க ராணுவம் 0.45 அங்குலத் துப்பாக்கியைத் தேடியது. 1907இல் தொடங்கிய போட்டியில் கடைசிவரை நின்றவை கோல்ட், சாவேஜ் என்ற இரு நிறுவனங்களின் துப்பாக்கிகள். கோல்ட் துப்பாக்கியை வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஜான் மோசஸ் பிரௌனிங்.

குறை தெரியத் தெரிய பிரௌனிங் அதைத் திருத்திக்கொண்டே வந்தார். அவருடைய முந்தைய மாதிரிகளில் குழலின் முன்னும் பின்னும் ஒவ்வோர் இணைப்புத் துண்டு இருந்தது. பின்னால் அவர் முன் துண்டை எடுத்துவிட்டு, குழலின் பின்பகுதி மட்டும் சாய்ந்து இறங்கும்படி செய்தார். பாகம் குறைந்தது, பிசகும் இடமும் குறைந்தது. 1911 மார்ச்சில் இறுதிச் சோதனை. இரண்டு நாட்களில் 6,000 தோட்டாக்கள் சுடப்பட்டன. குழல் சூடேறியபோது துப்பாக்கியைத் தண்ணீரில் அமிழ்த்திக் குளிர வைத்தார்கள். சாவேஜ் 37 முறை தடுமாறியது. கோல்ட் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி அது எம்1911 என்ற பெயரில் ஏற்கப்பட்டு, 1985 வரை அமெரிக்கப் படைகளின் முதன்மைக் கைத்துப்பாக்கியாக இருந்தது.

அந்தச் சாதனை குறிப்பிட்ட ஒரு தோட்டாவைச் சார்ந்தது என்பது பலரும் கவனிக்காத உண்மை. 230 கிரெயின், அதாவது ஏறத்தாழ 15 கிராம் எடையும் உருண்டை முனையும் கொண்ட குண்டுக்காகவே எம்1911 அமைக்கப்பட்டது. பிற்காலத்தில் குழிமுனைக் குண்டுகள் பரவியபோது, அவற்றின் அகன்ற முனை, தோட்டாவை அறைக்குள் வழிநடத்தும் ஏற்றுச்சரிவில் முட்டி நின்றது. துப்பாக்கி மிஸ்திரிகள் அந்தச் சரிவையும் குழலின் பின்வாயையும் சீராக்க வேண்டியிருந்தது. எக்ஸ்ட்ராக்டரும் நுட்பமானது. எம்1911இல் அது ஒரே துண்டு ஸ்பிரிங் எஃகு. தானே வில்லாகவும் தானே கொக்கியாகவும் வேலை செய்கிறது. அதன் இறுக்கம் கூடினால் தோட்டா ஏறாது, தளர்ந்தால் உறை வெளிவராது. மேகசினிலிருந்து ஏறும் தோட்டா கொக்கியின் அடியில் வழுக்கி நுழைய வேண்டும். தோட்டாவை நேரே அறையில் போட்டு ஸ்லைடை அறைந்து மூடினால் கொக்கி வலிந்து வளைந்து, நாளடைவில் பிடி தளரும்.

சுடுபவரின் கையும் இந்த இயக்கத்தில் ஒரு பாகமே. மணிக்கட்டு தளர்ந்திருந்தால் சட்டகமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் போகும்; ஸ்லைடு முழுத் தூரம் ஓடாமல் காலி உறை வெளியேறும் வாயிலில் மாட்டிக்கொள்ளும். காய்ந்த எண்ணெய், வலுக் குறைந்த தோட்டா ஆகியவையும் இதே கோளாறைத் தரும்.

ஆனாலும் துப்பாக்கி சிக்கும்போது முதலில் சந்தேகிக்க வேண்டியது மேகசினைத்தான். அதன் உதடுகள் சற்றே விரிந்தாலும் தோட்டா தவறான கோணத்தில் எழும். 1985இல் எம்1911இன் இடத்துக்கு வந்த பெரெட்டா எம்9இன் குழல் சாய்வதில்லை. தோட்டா ஏறத்தாழ நேராகவே உள்ளே போகும். அப்படியிருந்தும் ஈராக்கில் அது சிக்கியது. படைக்கு வழங்கப்பட்ட மேகசின்களின் உட்புறத்தில் இருந்த சொரசொரப்பான பாஸ்பேட் பூச்சில் நுண்மணல் ஒட்டிக்கொண்டு, தோட்டாக்கள் மேலெழ முடியாமல் நின்றன. துப்பாக்கியின் வடிவமைப்பைத் தொடத் தேவையே இருக்கவில்லை. வழவழப்பான பூச்சுள்ள புதிய மேகசின்கள் கொண்டுவரப்பட்டன.